உயரத்தில் வேலை செய்யத் தகுதியானவர்

எபினேசருக்குப் பயம் வந்தது கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்த கையோடு மனைவி மேரியின் தங்கையை ரயிலேற்றிவிட வந்திருந்தார்கள். இரண்டு கையிலும் பையோடு எபினேசர் முன்னால் போனான். பாலத்தின் பாதிக்கு வந்தபோது கீழே ஒரு சரக்கு ரயில் கடந்தது. பாலம் லேசாக அதிர்ந்தது. எப்போதும் அதிர்கிற பாலம்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன்மேல் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். ஆனால் எபினேசரின் கால்கள் நின்றுவிட்டன. அவனாக நிறுத்தவில்லை. நகரச் சொன்னான், நகரவில்லை. காது அடைத்தது. கீழே தண்டவாளம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பி வருவதுபோலத் தெரிந்தது. பைகளைப் போட்டுவிட்டுக் கைப்பிடிக் குழாயை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

"இன்னாயா ஆச்சு? மூஞ்சே வெளுத்துப் போச்சு" என்றாள் மேரி.

பையின் காது கையை அறுக்கிறது என்று சொன்னான். அதுதான் அவன் சொன்ன முதல் பொய். அதன்பிறகு ஏழு மாதம் அந்தப் பொய்க்குமேல் பொய்யாக அடுக்கிக்கொண்டே போனான்.

பாலத்தில் நிற்க முடியாமல் போனவன் யார் என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும். தொழிற்சாலைக் கொட்டகைகளுக்குக் கூரைத் தகடு போடுவது எபினேசரின் வேலை. பதினெட்டு வருடமாக அதையே செய்கிறான். கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகை வரைக்கும் அவன் கை படாத கூரைகளை எண்ணிவிடலாம். அவன் அப்பா அந்தப் பக்கத்து நிலங்களில் நாற்று நட்டும் களை பறித்தும் கூலிக்கு உழைத்தவர். வரப்பைவிட உயரமான இடத்தில் அவர் நின்றதே கிடையாது. மகனோ இருப்புச் சட்டங்களின்மேல் ஆட்டுக்குட்டி மாதிரி நடந்து போவான். புதிதாக வரும் இன்ஜினியர்கள் கழுத்தை நிமிர்த்தி, "யாருப்பா அந்தாளு?" என்று கேட்பார்கள். கேட்கிறார்கள் என்று அவனுக்கும் தெரியும். அதற்காகவே இன்னும் ஒயிலாக நடப்பான். காலனியில் அவனை "கூரை எபி" என்றுதான் சொல்வார்கள். நாற்பத்து மூன்று வயதில் அவனுக்கென்று இருந்த ஒரே பெருமை அது.

பாலத்துச் சம்பவத்துக்குப் பதினோரு நாள் முன்னால் ஒரு கூரையில் வழுக்கினான். விடியற்காலைப் பனி தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருந்தது. பின்பக்கமாக ஓர் அடி வைத்தான்; கால் போய்விட்டது. மல்லாந்து சறுக்கினான். விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது முதுகில் கட்டியிருந்த பாதுகாப்புப் பெல்ட்டின் கயிறு விறைத்து அவனைப் பிடித்து நிறுத்தியது. ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ரகு கைகொடுத்துத் தூக்கினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். கீழே இறங்கி டீ குடித்துவிட்டு மறுபடி ஏறி, சாயங்காலம் வரைக்கும் வேலை செய்தார்கள். அன்றைக்கு எபினேசருக்கு ஒன்றுமே இல்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினான். அந்தப் பயம் எங்கேயோ சுற்றிவிட்டுப் பதினோரு நாள் கழித்துப் பாலத்தில் வந்து அவனைப் பிடித்தது.

பிடித்தது விடவில்லை. மறுநாள் ஏணியில் காலை வைத்ததுமே உள்ளங்கை ஈரமானது. பாதி ஏணியில் வாய் வறண்டது. மேலே போனதும் ஒவ்வொரு தகடும் அடியில் பிடிமானமில்லாமல் மிதப்பதுபோல இருந்தது. பெல்ட்டின் இரண்டு கொக்கிகளையும் மாட்டி, இழுத்துப் பார்த்து, நாலடி நகர்ந்து, மறுபடி மாட்டி, மறுபடி இழுத்துப் பார்ப்பான். மற்றவர்கள் ஆறு தகடு போடும் நேரத்தில் அவன் நாலு போட்டான். யாராவது கேட்டால் முட்டிவலி என்றான். வெயில் என்றான். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றான். காலையில் வேலைக்கு ஏற்றிப்போகும் வேனின் சத்தம் கேட்டால் இரண்டு தடவை கழிவறைக்குப் போய்விட்டு வருவான். கூரை எபிக்குக் கூரையைக் கண்டால் பயம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காமல் பரிதாபப்பட்டால் அது இன்னும் மோசம்.

ஆடி மாதம் தேர்வாய் கண்டிகையில் ஒரு புதுக் கொட்டகை வேலை வந்தது. பதினான்கு மீட்டர் உயரம். கம்பெனியில் விதிகள் கடுமை. நாற்பது வயது தாண்டியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்து, அட்டை கொடுத்தால்தான் மேலே ஏற விடுவார்கள். எபினேசரின் முறை வந்தபோது கம்பெனி டாக்டரம்மா கைப்பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினார். எண்ணைப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் உட்காரச் சொன்னார். மறுபடி பார்த்தார். ரத்த அழுத்தம் நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நாலு.

எடை எண்பத்து நாலு கிலோ. அட்டையில் சிவப்பு முத்திரை விழுந்தது: தற்காலிகமாகத் தகுதியில்லை. ஆறு வாரம் கீழ்வேலை, அதன்பிறகு மறுபரிசோதனை.

அதைப் படித்ததும் எபினேசருக்கு முதலில் வந்தது நிம்மதி. நெஞ்சுக்குள் இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. இனி ஆறு வாரம் ஏணி கிடையாது. ஆனால் டாக்டரம்மா அடுத்து ஒரு கேள்வி கேட்டார்: வீட்டில் யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா? அப்பாவுக்கு, என்றான். சொல்லும்போதே அந்த நாள் கண்முன் வந்தது. ஐம்பத்தொரு வயதில் அப்பா நாற்றங்காலில் குப்புற விழுந்ததும், மூன்று நாள் வாய் கோணிக் கிடந்ததும், பேச வந்து பேச முடியாமல் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டதும். ஐம்பத்தொன்றுக்கு இன்னும் எட்டே வருடம். மேலே போனால் ஒரு பயம், கீழே இருந்தால் இன்னொரு பயம் என்றாகிவிட்டது.

உப்பைக் குறை, கருவாட்டை விடு, ஊறுகாயைத் தொடாதே, தினமும் முக்கால் மணி நேரம் நட, ஆறு கிலோ குறை. டாக்டரம்மா சொன்னதை எல்லாம் எபினேசர் வீட்டுக்கு வந்து ஒப்பித்தான். மேரி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

மேரி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை நின்ற கால் நிற்க வேண்டும். வந்து படுத்தால் போதும் என்றிருக்கும். ஆனாலும் மறுநாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் ஸ்நேகாவின் பழைய கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எங்கமே வர்ற? நான் போய்க்கினு வந்துடுறேன்" என்றான் எபினேசர்.

"நீ டீக்கடைல குந்திகினு நடந்தேன்னு சொல்லுவ. நான் வரேன்."

நீர்த்தேக்கத்துக் கரைக்குப் போனார்கள். அகலமான மண்கரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு; சரிவின் அடியில் முள்ளுமரமும் வயலும். எபினேசர் கரைமேல் ஏறியதும் நின்றான். சரிவு அவன் காலுக்குப் பக்கத்திலிருந்து தொடங்கியதுபோல இருந்தது. பத்து மாடு ஒன்றாகப் போகிற அளவுக்கு அகலம் இருந்தும், நட்டநடுவில், கோடு போட்டாற்போல நடந்தான். மேரி தண்ணீர்ப் பக்கமாக, ஓரத்தில் கிடந்த கல்லை எல்லாம் எத்திக்கொண்டு வந்தாள். அவள் ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசியது. இந்தப் பக்கம் வா என்று நாலு தடவை சொன்னான். ஏன் என்று கேட்டாள். பாம்பு இருக்கும் என்றான்.

முதல் வாரம் இரைத்துக்கொண்டே நடந்தான். இரண்டாவது வாரம் இரைப்பு குறைந்தது. ஸ்நேகா தன் பழைய போனில் அடிகளை எண்ணும் ஒரு செயலியைப் போட்டு அப்பாவின் பாக்கெட்டில் வைத்தாள். நாலாயிரத்தில் தொடங்கினார்கள், அது ஐந்தாயிரமாகி, ஏழாயிரமாகியது. ஏழாயிரம் தொட்ட அன்று போன் பாக்கெட்டுக்குள் ஒரு பாட்டுச் சத்தம் போட்டது. இருவரும் மதகுப் படியில் உட்கார்ந்து உப்பில்லாத வறுகடலை தின்றார்கள். தண்ணீரில் முங்கிய நீர்க்காகம் எங்கே எழும் என்று பந்தயம் கட்டினார்கள். மேரிதான் ஜெயித்துக்கொண்டே இருந்தாள். இருபது வருடக் கல்யாணத்தில், ஷிப்டும் வேனும் சமையலும் போக, இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தது எபினேசருக்கு நினைவில்லை. அவள் தன் வரிசையில் வேலை செய்கிற பெண்களைப் போலப் பேசிக் காட்டுவாள். அவளுக்கு அப்படிப் பேச வரும் என்பதே அவனுக்கு அதுவரை தெரியாது.

உடம்பும் மாறியது. குனிந்து ஷூ நாடாவைக் கட்டும்போது மூச்சு முட்டவில்லை. பேண்ட்டுக்குப் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது. சுடச்சுட ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டாலும் ருசித்தது. காலையில் எழுந்ததும் எடை பார்க்கும் ஆசை ஒன்று வந்தது. ரேஷன் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடையில் போய் ஏறி நிற்பான். எண்பத்தொன்று. எழுபத்தொன்பது. யாரோ பரிசு கொடுத்ததுபோலச் சிரித்துக்கொண்டே வருவான்.

ஆனால் ஒவ்வொரு கிலோ குறையும்போதும் இன்னொரு கணக்கும் கூடவே ஓடியது. உடம்பு சரியானால் அட்டை கிடைக்கும். அட்டை கிடைத்தால் ஏற வேண்டும்.

வேலைத் தளத்தில் கீழே நின்று தகடுகளைக் கட்டி மேலே அனுப்பும் வேலையில் இருந்தான். அண்ணாந்து பார்ப்பதைத் தவிர்த்தான். சட்டங்கள் நாளுக்கு நாள் மேலே ஏறின. ரகுவும் மற்றவர்களும் எறும்புபோலத் தெரிந்தார்கள். இடைவேளையில் ரகு வந்து, "சீக்கிரம் வாண்ணா, நீ இல்லாம மேல பேஜாரா கீது" என்பான். எபினேசர் தலையாட்டுவான். அன்று ராத்திரி சோறு இறங்காது.

நடக்கப் போகும் வேளையில் மட்டும் ஒரு நம்பிக்கை இருந்தது. கரையின் நடுவை விட்டு இப்போதெல்லாம் ஓரடி தள்ளி நடக்க முடிந்தது. ஒருநாள் மேரியோடு பேசிக்கொண்டே போய், தண்ணீரின் ஓரத்தில் நிற்பதை அப்புறம்தான் கவனித்தான். ஒருவேளை போய்விட்டதோ என்று நினைத்தான். போய்விட்டதா என்று எதிலாவது ஏறிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

மறுபரிசோதனைக்கு முதல்நாள் சாயங்காலம். மேரி ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஸ்நேகா தோழி வீட்டில். எபினேசர் அடுப்படியில் நின்றான். மேல் பலகையில் ஸ்நேகாவுக்காக வைத்திருந்த மாங்காய் ஊறுகாய் பாட்டில். ஆறு வாரமாக அவன் அதைத் தொடவில்லை. எடுத்தான். திறந்தான். விரலால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். உப்பு நாக்கைச் சுட்டது. இன்னொன்று. இன்னொன்று. சோறில்லாமல், நின்றபடியே, வாசலைப் பார்த்துக்கொண்டே எட்டுத் துண்டு தின்றான். கண்ணில் நீர் வந்தது. அது உறைப்பினால்தானா என்று அவனுக்கே தெரியவில்லை. சிவப்பு முத்திரை இன்னொரு தடவை விழுந்தால் போதும்; இன்னும் ஆறு வாரம் கிடைக்கும். அப்பாவின் கோணிய வாய் நினைவுக்கு வந்தது. சட்டென்று பாட்டிலை மூடினான். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். பிறகு கண்ணை மூடி ஜெபம் பண்ண நின்றான். என்னவென்று கேட்பது? தேற வேண்டும் என்றா, தேறக் கூடாது என்றா?

மறுநாள் டாக்டரம்மா எண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்து நாலு. எடை எழுபத்தேழு. வெளியே காத்திருந்தவர்களைக் கூப்பிட்டு, ஆறு வாரத்தில் ஒரு மனுஷன் செய்ததைப் பாருங்கள் என்று காட்டினார். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கிடந்த சட்டத்தின்மேல் நடந்து காட்டச் சொன்னார். எதிர்ச்சுவரில் இருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டு நடந்துவிட்டான். பச்சை முத்திரை விழுந்தது. உயரத்தில் வேலை செய்யத் தகுதியானவர்.

மேரி அன்று சேமியாப் பாயாசம் வைத்தாள். ஸ்நேகா அட்டையைப் படமெடுத்துத் தன் ஸ்டேட்டஸில் போட்டாள். காலனியில் பார்த்தவர்களெல்லாம் கைகுலுக்கினார்கள். எபினேசர் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பாதி நிஜம். இந்த உடம்பை அவன்தானே உண்டாக்கினான். மீதிப் பாதி எங்கே போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எட்டேகால் மணிக்கு ஏணியில் கால் வைத்தான்.

உடம்பு லேசாக இருந்தது. அது ஒரு கொடுமை. முன்பெல்லாம் பாதியில் மூச்சு வாங்கும், நின்று இளைப்பாறலாம். இப்போது கால்கள் தாமாக ஏறின. பத்து மீட்டரில் காற்று மாறியது. கீழே கிரேனின் சத்தம் சிறிதாகிவிட்டது. மேலே வந்து சட்டத்தின்மேல் நின்றான். கொக்கியை மாட்டினான். இழுத்துப் பார்த்தான். இரண்டாவது கொக்கியை மாட்டினான். இழுத்துப் பார்த்தான். ரகு அந்தப் பக்கத்திலிருந்து கையசைத்தான். எபினேசர் நாலடி நடந்தான். ஐந்தாவது அடியில் தன் கால்களுக்கு இடையில் தரை தெரிந்தது. அங்கே ஒரு மஞ்சள் தொப்பி நகர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தொப்பியோடு சேர்ந்து முழுக் கொட்டகையும் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

சாயவில்லை என்று அவனுக்குத் தெரியும். அறிவுக்குத் தெரிந்தது உடம்புக்கு எட்டவில்லை. பக்கத்துத் தூணைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தான். கன்னத்தை இரும்பில் ஒட்டவைத்துக்கொண்டான். வெயிலேறாத இரும்பு சில்லென்று இருந்தது. பல் தானாகக் கிட்டியது. நகரு, நகரு என்று மனசு கத்தியது; விரல்கள் பிரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று தெரியவில்லை. காலருகே காலடி கேட்டது.

"எபிண்ணா, இன்னாண்ணா? எதுலயாவது மாட்டிகினியா?"

"இல்ல ரகு."

"மயக்கம் வருதா?"

எபினேசர் கண்ணைத் திறக்கவில்லை. "பயமாகீது" என்றான். "என்னால எழுந்துக்க முடியல."

ரகு சிரிக்கவில்லை. அவன் அருகே உட்கார்ந்து, தன் கொக்கியில் ஒன்றை எபினேசரின் பெல்ட்டில் மாட்டினான். அப்புறம் முதுகில் கை வைத்தபடி இருந்தான். கீழே விசில் அடித்தார்கள். வேலை நின்றது. பாதுகாப்பு அதிகாரி வீரராகவன், நீளமான கை வைத்த தூக்கு வண்டியை வரவழைத்தார். அதன் கூண்டு மேலே வந்து தூணுக்குப் பக்கத்தில் நின்றது. ரகு ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான். குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோலக் கூண்டுக்குள் விட்டார்கள். அது இறங்கிய ஒரு நிமிடம் முழுவதும் எபினேசர் கூண்டின் தரையில் குந்தி, தலையை முட்டிகளுக்கு நடுவில் வைத்திருந்தான். கீழே அறுபது பேர் நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

வீரராகவன் அவனைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். நெஞ்சுவலியா, தலைசுற்றலா என்று விசாரித்தார். எபினேசர் எதையாவது சொல்லியிருக்கலாம். வெயில், முட்டி, வயிறு என்று ஏழு மாதமாகக் கைவசம் இருந்தவை எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. ஆனால் அந்தச் சொல்லை மேலே ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. இரண்டாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. தை மாதத்திலிருந்து பயம் என்றான். வழுக்கியதைச் சொன்னான். பாலத்தைச் சொன்னான். ஊறுகாயைக்கூடச் சொல்லிவிட்டான்.

வீரராகவன் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தன மாசம் இதோடயா ஏறி இறங்கியிருக்கீங்க?" என்று கேட்டார். "இனிமே உங்கள மேல ஏத்த மாட்டேன் எபினேசர். கீழ என்ன வேலை இருக்குன்னு பாக்குறேன். சம்பளம் அதே மாதிரி இருக்காது, அத நான் மறைக்கல." இதற்கெல்லாம் மருத்துவம் உண்டு என்று சொல்லி, திருவள்ளூரில் ஒரு டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மேரி வாசலில் ஷூவோடு நின்றாள். மேலே ஏறிய முதல்நாள் எப்படி இருந்தது என்று கேட்டாள். நடக்கலாம் வா என்றான். கரைமேல் ஏறி, மதகைத் தாண்டினார்கள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். கூண்டில் குந்தி இறங்கியதையும் சொன்னான்.

மேரி நின்றாள். அவனைப் பார்த்தாள். திரும்பி, விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள். எபினேசர் பின்னாலேயே போனான். அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இருநூறு முந்நூறு அடி தள்ளி அவள் முதுகு மட்டும் தெரிந்தது. விட்டுவிட்டுப் போகிறாளோ என்று அவனுக்குப் பயம் வந்தது. காலையில் பதினான்கு மீட்டரில் வந்ததைவிட அது பெரிதாக இருந்தது. ஓடினான். கூரை வேலைக்கு வந்தபிறகு அவன் எதற்காகவும் ஓடியதில்லை.

பக்கத்தில் வந்தபோது அவள் முகம் நனைந்திருந்தது.

"நீ சறுக்கினத ரகு எனுக்கு மறுநாளே சொல்லிட்டான்" என்றாள். "நீ சொல்லுவ, சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன். நீ வாயத் தொறக்கல. நானும் கேக்கல."

எபினேசர் அவள் கையைப் பிடிக்கப் போனான்; அவள் உதறிவிட்டாள்.

"கம்பெனில செல்போன லாக்கர்ல வெச்சிடணும். ரெண்டு மணிக்கு எடுத்து ஆன் பண்ணுவேன். அதுக்கு உசுரு வர்ற வரிக்கும் என் உசுரு என்கிட்ட கெடையாது. ஒரு மிஸ்டு கால் இருந்தாக்கூட அங்கயே நின்னு திருப்பிக் கூப்புடுவேன். கேஸ் டெலிவரிக்காரனா இருக்கும். தெனமும்யா. தெனமும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒடம்பு நல்லாகீதுன்னா கீழ உழ மாட்டன்னு நெனச்சேன். அதுக்குத்தான் உன்ன இழுத்துகினு வந்தேன். நாப்பது நாளு என் பக்கத்துலயே நடந்துகினு வந்தியே, ஒரு வார்த்த சொன்னியா?"

இருட்டும்வரை அங்கேயே நின்றார்கள். ஒருவர் பயத்தை ஒருவர் மறைத்துக்கொண்டு இத்தனை நாள் தோளோடு தோள் நடந்திருக்கிறோம் என்பது இருவருக்கும் அப்போதுதான் புரிந்தது. திரும்பி வரும்போது மேரி அவனைச் சரிவுப் பக்கம் விடாமல், தானே அந்தப் பக்கமாக வந்தாள்.

பத்து நாள் கழித்து எபினேசருக்குத் தளத்தின் பொருள் கிடங்கில் வேலை கிடைத்தது. மேலே ஏறுகிறவர்களின் பெல்ட், கயிறு, கொக்கி எல்லாவற்றையும் காலையில் பார்த்துக் கொடுப்பதும் சாயங்காலம் எண்ணி வாங்குவதும் அவன் பொறுப்பு. தையலை விரல்வைத்துத் தடவிப் பார்ப்பான். கொக்கியின் நாக்கு சரியாக மூடுகிறதா என்று இருபது தடவை அழுத்திப் பார்ப்பான். நூல் பிய்ந்த பெல்ட் ஒன்றைக் கண்டால் யாரும் எடுத்துவிடக் கூடாது என்று அங்கேயே கத்தரியால் வெட்டிப் போடுவான். சில பேர் சலித்துக்கொண்டார்கள். கூண்டில் இறங்கி வந்ததை வைத்து அவனுக்கு "லிஃப்ட்டு" என்று ஒரு பெயரும் வைத்தார்கள். முதல்முறை காதில் விழுந்தபோது முகம் சுருங்கியது. இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறான். ரகு மட்டும் இன்னும் எபிண்ணா என்கிறான்.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. திருவள்ளூர் டாக்டரிடம் மாதம் இரண்டு தடவை போகிறான். அவர் முதலில் ஒரு நாற்காலிமேல் நிற்கச் சொன்னார். பிறகு மாடிப்படியில் பத்துப் படி. சரக்கு ரயில் வராத நேரம் பார்த்து நடைமேம்பாலத்தில் மேரியோடு நடந்து பார்த்தான். தாண்டிவிட்டான், ஆனால் சட்டை நனைந்துவிட்டது. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கிடங்கு வாசலில் நின்று மேலே பார்க்கிறான். தனக்காகப் பயந்தது போய், அங்கே நகர்கிற ஒவ்வொரு தொப்பிக்காகவும் இப்போது உள்ளங்கை வியர்க்கிறது. சாயங்காலம் கடைசிப் பெல்ட் திரும்பி வந்து ஆணியில் தொங்கிய பிறகுதான் மூச்சு சீராகிறது.

அதன்பிறகு நடை. அட்டைக்காகத் தொடங்கிய நடைக்கு இப்போது அட்டை தேவைப்படவில்லை. கரையின் ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுவரை நிற்காமல் ஓடிப் பார்க்க வேண்டும் என்று எபினேசருக்கு ஓர் ஆசை. பாதிக்கு மேல் இன்னும் முடியவில்லை. மேரிக்கு முடிகிறது. அவள் முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஏறிவிட்டதால் கரைக்கு யாரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாலு நாள் சாயங்காலமும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். ஐந்தாம் நாள் சாயங்காலம் மழை சற்று விட்டது. மேரி ஷூவை மாட்டினாள். எபினேசர் குடையை எடுத்தான். காலனித் தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். மாதாகோயில் முக்கில், மளிகைக்கடை வாசலில் நின்ற அஞ்சம்மாள் அக்கா, இந்த மழையில் எங்கே இரண்டு பேரும் கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டாள்.

எபினேசர் யோசித்தான். சொல்வதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

"சும்மா நடக்கிறோம்கா" என்றான்.

அஞ்சம்மாள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். மறுபடி தூறல் போட்டது. மேரி அவன் கையிலிருந்த குடையை வாங்கி விரித்தாள். இரண்டு பேரும் ஒரே குடைக்குள், வீட்டுப் பக்கம் திரும்பாமல், பஸ் நிறுத்தம் இருந்த பக்கமாக நடையின் வேகத்தைக் கூட்டினார்கள்.